பதினேழு கிலோமீற்றர் நீள அலை

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானம் பற்றி ஏதேனும் பேசும்படி செயற்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, அணுவைப் பற்றியோ சந்திரனைப் பற்றியோ நாம் பேசுவோமென அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அவற்றைவிட எளியது. கையாற் செய்து பார்க்கத்தக்கது. மிகத் தாழ்ந்த மீடிறனுடைய வானொலி அலைகளை ஒரு சாதாரண மனிதன் தன் வீட்டில் அமைத்த கருவியைக்கொண்டு எவ்வாறு கேட்கலாம் என்பதே அப்பொருள்.

முதலில் அளவைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெரியோர்கள் தம் இளமைக்காலத்து வானொலிப் பெட்டியின் முகப்பிற் கண்ட 'கிலோசைக்கிள்' என்ற அளவே இன்று 'கிலோஹேட்ஸ்' எனப்படுகின்றது. ஓர் அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதே மீடிறன். எவ்.எம். ஒலிபரப்பில் அவ்வதிர்வு வினாடிக்குப் பத்துக் கோடியளவு. அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். நாம் பேசவந்த அலைகளோ 3 முதல் 30 கிலோஹேட்ஸ் வரையிலானவை. வானொலி அலை வினாடிக்கு 3,00,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. ஆகவே 17.2 கிலோஹேட்ஸ் மீடிறனுடைய அலையொன்றின் நீளம் யாது? 3,00,000ஐ 17,200ஆற் பிரித்தால் ஏறக்குறைய 17.4 கிலோமீற்றர் என விடை வரும். அலையின் ஒரு முடி யாழ்ப்பாணப் பட்டினத்தில் நிற்க, அதனையடுத்த முடி காங்கேசன்துறைக்கு அண்மையில் நிற்கும். அத்துணை நெடிய அலை அது.

17.2 என்ற எண்ணை நாம் வாளா தெரிந்தெடுக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. சுவீடன் தேசத்தின் மேற்குக் கரையில், வார்பேர்க் நகருக்கு அண்மையிற் கிறிமெற்றன் என்றொரு கிராமம் இருக்கின்றது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சுவீடன் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றிருந்தனர். அவர்களுக்கும் தாய்நாட்டுக்குமிடையே செய்தி செல்லக் கடலடிக் கம்பிகளே வழி. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் அக்கம்பிகள் பிறர் கையில் இருப்பதன் ஆபத்தை அந்நாடு உணர்ந்தது. எனவே சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தை அமைக்கத் துணிந்தது. 1924ஆம் ஆண்டிற் சேவை தொடங்கிய அந்நிலையத்தை 1925ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி ஐந்தாம் குஸ்தாவ் மன்னர் முறைப்படி திறந்துவைத்தார். 127 மீற்றர் உயரமான ஆறு உருக்குக் கோபுரங்கள், ஒன்றற்கொன்று 380 மீற்றர் இடைவெளியில், இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

அங்குள்ள பொறியை ஆக்கியவர் ஏர்ன்ஸ்ற் அலெக்சாண்டர்சன். சுவீடனின் உப்சாலா நகரில் 1878இற் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் இலெக்ற்றிக் கம்பனியிற் பணிபுரிந்த பொறியியலாளர். அவருடைய பொறியில் மின்குமிழுமில்லை, திரான்சிஸ்ரருமில்லை. விளிம்பில் 488 பள்ளங்கள் வெட்டப்பட்ட பெரிய உருக்குச் சக்கரமொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,115 முறை சுழல்கின்றது. அஃதாவது வினாடிக்கு 35 சுற்றுக்குச் சற்று அதிகம். அவ்வெண்ணை 488ஆற் பெருக்கிப் பாருங்கள்; 17,200 வரும். சக்கரம் சுழலும் வேகமே அலையின் மீடிறன்! நெல்லுக் குற்றும் ஆலையின் இயந்திரத்தைப் பார்ப்பதுபோல, வானொலி அலை பிறப்பதை அங்கே கண்ணாற் பார்க்கலாம். உலகின் பல பாகங்களில் இவ்வகைப் பொறிகள் இருந்தன. ஏனையவை பெரும்பாலும் உடைத்து இரும்பாக்கப்பட்டன. இன்று இயங்கத்தக்க நிலையில் எஞ்சியிருப்பது இஃதொன்றே. 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நிலையத்தை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. வழக்கமாக ஆண்டுதோறும் ஜூலை 2ஆந் திகதிக்கு அண்மையிலுள்ள ஞாயிறொன்றிலும், நத்தாருக்கு முதல்நாட் காலையிலும், அச்சக்கரத்தைச் சுழற்றி, 'எஸ்.ஏ.கியூ.' என்ற தன் அழைப்புக் குறியை மோர்ஸ் முறையில் உலகுக்கு விடுக்கின்றனர். பல நாடுகளிலுமுள்ள பொழுதுபோக்கு வானொலியாளர்கள் அதனைச் செவிமடுத்துத் தாம் கேட்டதை எழுதி அனுப்புகின்றனர்.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். இந்தப் பெரும் பொறிகளைப் பழம்பொருளாக்கியதில் அதே பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. தூரம் செல்ல நீண்ட அலையே வேண்டும் என்று அக்காலத்து அறிஞர்கள் நம்பினர். ஆகவே 1912ஆம் ஆண்டின் அமெரிக்க வானொலிச் சட்டம், பயனற்றவை எனக் கருதப்பட்ட 200 மீற்றருக்குக் குறைந்த அலைகளைப் பொழுதுபோக்கினருக்கு ஒதுக்கிவிட்டது. ஒதுக்கப்பட்டவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1923ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலோய் என்பவரும் அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்திலிருந்த பிரெட் ஷ்னெல் என்பவரும் ஏறத்தாழ 110 மீற்றர் அலையில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலாக ஒருவரோடொருவர் உரையாடினர். சிற்றலையின் வல்லமையை உலகம் அறிந்தது. கிறிமெற்றனின் கோபுரங்கள் திறப்புவிழாக் காண முன்னரே அவற்றின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. பிறர் வேண்டாமென்று விட்ட அலையிற் புதையல் கண்ட அதே கூட்டத்தார், இன்று உலகம் மறந்த நெட்டலையை மீண்டும் தேடிப்போகின்றனர்.

நெட்டலை முற்றாகக் கைவிடப்பட்டதென்று எண்ணவேண்டாம். அதற்குச் சிற்றலைக்கில்லாத ஒரு குணமுண்டு. உப்புநீரினுள் அது சிறிது தூரம் புகவல்லது. எவ்.எம். அலை கடல்நீரிற் சில அங்குலங்களுக்குள் அழிந்துபோக, 20 கிலோஹேட்ஸ் அலை பத்து மீற்றருக்கு மேலும் ஆழமாகச் சென்று நீர்மூழ்கிக் கப்பலை எட்டும். ஆகவே கடற்படைகள் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றன. அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள ஹரல்ட் ஹோல்ற் நிலையம் 19.8 கிலோஹேட்சிலும், ஜேர்மனியின் றவுடர்வேன் நிலையம் 23.4 கிலோஹேட்சிலும் ஒலிபரப்புவன. எமக்கு மிக அண்மையிலுள்ளது எது தெரியுமா? திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம். அதன் 18.2 கிலோஹேட்ஸ் அலை உலகெங்குமுள்ள பொழுதுபோக்கினருக்கு நன்கு அறிமுகமானது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் அது 300 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் உள்ளது.

இதனைச் சொன்னதும் பெரியோர்கள் சிலரின் நெற்றி சுருங்குவதைக் காண்கின்றோம். "தம்பிமாரே, ஒரு நாட்டின் கடற்படைச் செய்தியை நீங்கள் ஏன் ஒட்டுக்கேட்க வேண்டும்? பட்டதெல்லாம் போதாதா?" என்று உரைத்தொடக்கத்துக்கு முன்னரே ஓர் ஐயா கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி, நேராகவே விடை கூறுவோம். அச்செய்திகள் மறைகுறியில் அமைந்தவை. அவற்றை வாசிக்க எம்மால் இயலாது, இயன்றாலும் வாசிக்கலாகாது. நாம் அளப்பது அலையின் வலிமையை மாத்திரமே. கரையில் நிற்பவன் வெளிச்சவீட்டின் ஒளி மங்குவதைக் கண்டு நடுவிலே மூடுபனி இருக்கின்றது என்று அறிவான். ஒளி யாருக்காக எரிகின்றது என்பது அவனுக்கு வேண்டியதில்லை. பனியைப் பற்றிய செய்தியே வேண்டியது. இங்கே வெளிச்சவீடு அந்த நிலையம். மூடுபனி எமது தலைக்கு மேலுள்ள அயன்மண்டலம். இன்னுமொன்று: நாம் கூறுவது கேட்பதைப் பற்றியது. அலையை அனுப்புவதாயின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றே அனுப்பவேண்டும். இலங்கையின் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பரீட்சை எழுதி, அனுமதி பெற்று, '4எஸ்7' எனத் தொடங்கும் அழைப்புக்குறியுடன் இயங்குபவர்கள். சட்டத்தை மீறிய விஞ்ஞானத்தை நாம் பரிந்துரைக்கவில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். ஏரியல் ஒன்று அலைநீளத்தின் நாலிலொரு பங்காக இருத்தல் நன்று என்பது பாடப்புத்தக விதி. இவ்வலைக்கு அவ்விதிப்படி நாலு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கம்பி வேண்டும்! நல்லகாலமாக, கேட்பவனுக்கு அத்துணை பெரிய ஏரியல் தேவையில்லை. சென்ற விடுமுறையில் நாம் செய்தது இதுதான். ஒரு மீற்றர்ப் பக்கமுள்ள சதுர மரச்சட்டமொன்றைத் தச்சரிடம் செய்வித்தோம். மோட்டார் சுற்றும் கடையில் வாங்கிய எனாமல் பூசிய செப்புக்கம்பியை அதன்மேல் அறுபது சுற்றுச் சுற்றினோம். அதற்கு 240 மீற்றர்க் கம்பி சென்றது. கம்பியின் இரு முனைகளையும் ஒரு சிறு விரியலாக்கியின் வழியாகப் பழைய கணினியொன்றின் ஒலிவாங்கித் துளையிற் கொடுத்தோம். அவ்வளவே.

கணினியால் இஃது எவ்வாறு இயலும்? சாதாரண கணினியின் ஒலிப்பகுதி வினாடிக்கு 48,000 முறை உள்ளீட்டை அளக்கின்றது. ஓர் அதிர்வை அறிய இரண்டு அளவீடுகளேனும் வேண்டுமாதலால், 24 கிலோஹேட்ஸ் வரையுள்ள யாவற்றையும் அது அறியும். நாம் கூறிய நிலையங்கள் நாலும் அவ்வெல்லைக்குள் அடங்குகின்றன. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் அவற்றைத் திரையிற் கோடுகளாகக் காட்டும். ஏற்கெனவே நல்ல சிற்றலை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு வழியுண்டு. நிலையான 4 மெகாஹேட்ஸ் பளிங்கு அலையியற்றி ஒன்றுடன் உள்வரும் அலையைக் கலந்தால், 17.2 கிலோஹேட்ஸ் அலை 4.0172 மெகாஹேட்சில் வந்து நிற்கும். வழமையான வாங்கியிலேயே கேட்கலாம்.

முதல்நாள் வீட்டினுள் வைத்துப் பார்த்தபோது திரை முழுவதும் இரைச்சலே நிறைந்திருந்தது. மின்சாரக் கம்பியின் 50 ஹேட்ஸ் முரலலும் அதன் மடங்குகளும், எல்.ஈ.டி. விளக்குகளும், கைத்தொலைபேசி மின்னேற்றிகளும் சேர்ந்து எழுப்பிய சத்தம் அது. இன்றைய வீடு வானொலிக்குச் சந்தைக்கடை போன்றது. ஆகவே மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியுடன் வல்லை வெளி போன்ற திறந்த தரவையை நாடவேண்டியதாயிற்று. அங்கே 18.2இல் ஒரு கோடு தெளிவாக எழுந்தது. சட்டத்தின் விளிம்பு மேற்குத் தென்மேற்கை நோக்கியபோது கோடு ஒளிர்ந்தது. சட்டத்தைக் கால்வட்டம் திருப்பியதும் மங்கி மறைந்தது. தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தோம். கோடு நேராகத் திருநெல்வேலிப் பக்கத்துக்கே சென்றது. கிறிமெற்றனின் குரல் இன்னும் எமக்கு எட்டவில்லை. அருகிலுள்ள பெருநிலையமும் வெப்பவலயத்து மின்னல்களின் ஆரவாரமும் அதனை அமிழ்த்திவிடுகின்றன. முயற்சியைத் தொடருகின்றோம்.

மின்னல் என்றோம். மனிதன் நிலையம் அமைக்க முன்னரே இவ்வலைகளை ஒலிபரப்பி வந்தது மின்னல்தான். செய்மதிகளின் கணக்குப்படி உலகம் முழுவதிலும் வினாடிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலித் துடிப்பு. 10 கிலோஹேட்சுக்குக் கீழே அவற்றைக் காதிற் கேட்கலாம். தாச்சியில் கடுகு வெடிப்பதுபோல ஒலிக்கும். இரவானதும் அவ்வொலியில் ஒரு மாற்றம் தோன்றும். சில வெடிப்புக்கள் குருவியின் கீச்சொலிபோல நீண்டு, ஏறக்குறைய 1.7 கிலோஹேட்சில் வந்து முடியும். காரணம் யாது? பூமிக்கும் அயன்மண்டலத்துக்கும் இடையிலுள்ள வெளி ஒரு பெருங்கூடம் போன்றது. மேற்கூரையின் உயரத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட நீளமுடைய அலை கூரைக்கும் தரைக்குமிடையே மோதி மோதிச் செல்ல முடியாது. ஆகவே அவ்வொலி முடியும் மீடிறனைக் கண்டால் கூரையின் உயரத்தைக் கணக்கிடலாம். ஒளியின் வேகம் 3,00,000ஐ 1,700இன் இருமடங்கான 3,400ஆற் பிரியுங்கள். விடை 88 கிலோமீற்றர்! விமானம் எட்டாத, பலூனும் எட்டாத அந்த உயரத்தை, மரச்சட்டமும் செப்புக்கம்பியும் கொண்டு ஒரு மாணவன் தன் முற்றத்தில் இருந்தபடியே அளந்துவிடுகின்றான். இதைவிட வேறென்ன வேண்டும்?

சீழ்க்கை ஒலி என்ற மற்றொன்றும் உண்டு. முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முயன்ற ஜேர்மன் விஞ்ஞானி ஹைன்றிச் பார்க்கௌசன், தம் கருவியில் மேலிருந்து கீழிறங்கும் சீழ்க்கை கேட்பதைக் கண்டு வியந்தார். 1953ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஸ்ரோறி என்பவர் அதன் மூலத்தை விளக்கினார். மின்னலின் அலை பூமியின் காந்தவிசைக் கோடுகளைப் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் விண்வெளியிற் சென்று மறு அரைக்கோளத்தில் இறங்குகின்றது. உயர்ந்த மீடிறன் முன்னும் தாழ்ந்தது பின்னுமாக வருவதால் அது சீழ்க்கையாகின்றது. அத்துணை உயரத்திலும் இலத்திரன்கள் நிறைந்திருக்கின்றன என்ற உண்மை இதனால் வெளிப்பட்டது. எம்மவர் இதனைக் கேட்பது அரிது. காந்த நடுக்கோடு எமக்கு மிக அண்மையிற் செல்வதால், இங்கே விசைக்கோடுகள் தரைக்குச் சமாந்தரமாகத் தாழ்ந்து கிடக்கின்றன. ஐரோப்பியனுக்குச் சீழ்க்கை வாய்த்தது. எமக்கு மின்னல் வாய்த்தது. எமக்கு வாய்த்ததை நாம் அளப்போம்.

சூரியனையும் இதே கருவி காட்டும். சூரியனிற் பெருஞ்சுவாலை எழும்போது, அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்திற்குச் சற்று அதிகமான நேரத்தில் எம்மை அடைந்து அயன்மண்டலத்தின் கீழ்ப்படையை மாற்றிவிடுகின்றன. அக்கணமே 18.2 கிலோஹேட்ஸ் கோட்டின் வலிமை திடீரென மாறிப் பின்னர் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். பகலில் மாத்திரம் இது நிகழும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் சூரியன் மிகக் கொந்தளித்தபோது உலகின் பல பாகங்களிலும் பொழுதுபோக்கினர் இவ்வகை மாற்றங்களைத் தம் வீட்டுக் கருவிகளிற் பதிந்தனர். அவர்களுடைய பதிவுகளை ஆய்வாளர்கள் புறக்கணிப்பதில்லை. ஓரிடத்திலுள்ள பெரிய கருவி காணாததைப் பலவிடங்களிலுள்ள சிறிய கருவிகள் காணும்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சித்திரை மாதத்து மாலை இடியும் ஐப்பசி கார்த்திகை மழையிடியும் உயிர்குடிக்க வல்லவை. வெளியிலே நீண்ட கம்பி கட்டுபவர்கள், முகில் கறுத்ததும் அதனைக் கழற்றி அப்பாற் போட்டுவிட வேண்டும். திறந்த வெளியில் இடிமுழக்கத்தின்போது நிற்கவே கூடாது. தொலைவிலுள்ள மின்னலைக் கேட்பதே எமது நோக்கம். தலைக்கு மேலுள்ளதை அன்று.

"இதனால் வேலை கிடைக்குமா? பரீட்சைக்குப் புள்ளி வருமா?" என்று பெற்றோர் கேட்பது எமக்குப் புதிதன்று. எமது வீட்டிலும் அக்கேள்வி உண்டு. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலும் சரி, பல்கலைக்கழகத்திலும் சரி, விடை முன்னரே எழுதிவைக்கப்பட்ட பரிசோதனைகளையே செய்தோம். பெறுபேறு பிசகினால், கருவியைக் குறைகூறிப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதிவிடுவது மாணவர் வழக்கம். வல்லை வெளியில் விடைப்புத்தகம் இல்லை. அங்கே வந்த எண் எமது எண். மெய்யா பொய்யா என்று நாமே ஆராயவேண்டும். அவ்வாராய்ச்சியிற் பழகாத பட்டதாரி, கருவியை வாங்குவானேயொழியக் கருவியை அறியமாட்டான்.

இது எம்மண்ணுக்கு அந்நியமான பழக்கமுமன்று. 1990களில் இக்குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலம் கொண்டுவரத் தடை இருந்தது. அன்று துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு உலகச் செய்தி கேட்டவர்கள் இச்சபையில் இருக்கின்றீர்கள். ஒருவர் சுழற்ற ஒன்பதுபேர் கேட்டதாகச் சொல்வீர்கள். அக்கைகளுக்கு இருந்த துணிவும் நுணுக்கமும், எல்லாம் கடையிற் கிடைக்கும் இக்காலத்துப் பிள்ளைகளிடம் இல்லையென்று நீங்கள் குறைபட்டுக்கொள்வதும் எமக்குத் தெரியும். குறைபடுவதோடு நில்லாது, அதனைக் கற்றுத்தாருங்கள் என்பதே எமது வேண்டுகோள். பற்றாசு பிடித்த கைகளும், பழைய பெட்டிகளைப் பிரித்துப் பொருத்திய கைகளும் இன்னும் எம்மிடையே உள்ளன. அவை ஓயுமுன் கற்கவேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றோம். எமது வாசிகசாலையின் பின்புறத்தில் ஒரு மரச்சட்டமும், பாவனையிலிருந்து நீக்கப்பட்ட கணினியொன்றும் போதும். அடுத்த ஆண்டுவிழா வரை, நாளொன்றுக்கு ஒருவராக முறைவைத்து, 18.2 கிலோஹேட்ஸ் அலையின் வலிமையைக் காலை, நண்பகல், மாலை என மூன்றுவேளையும் குறிப்பேட்டிற் பதிவோம். இளையவர்கள் எழுதட்டும், மூத்தவர்கள் கையொப்பமிடட்டும். ஓராண்டு முடிவில் எமது வானத்தின் வரலாறு எமது கையெழுத்தில் இருக்கும். அதனை அடுத்த மலரில் வெளியிடுமாறு ஆசிரியர் குழுவை இப்பொழுதே கேட்டுக்கொள்கின்றோம். சட்டத்துக்கான செப்புக்கம்பி எம்மிடம் மீதி இருக்கின்றது. சுற்றுவதற்குக் கைகள் வேண்டும். வருகின்ற சனிக்கிழமை பிற்பகல் வாசிகசாலையில் நிற்போம். விருப்பமுள்ளவர்கள் வந்து சேருங்கள்.